சோற்றுக்கு மடங்கும் முட்டு

எங்கள் பள்ளிவாசலில் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு வரிசை பிளாஸ்டிக் சேர் கிடக்கும். தரையில் உட்கார்ந்து நெற்றியை நிலத்தில் வைக்க முடியாத வயசாளிகள் அதில் உட்கார்ந்தபடி தொழுவார்கள். முடியாதவனுக்கு மார்க்கம் கொடுத்த சலுகை அது. அதில் ஒரு குறையும் கிடையாது. அந்த வரிசையின் தென்கோடியில் ஜன்னலை ஒட்டி, ஃபேனுக்கு நேர் கீழே ஒரு சேர் கிடந்ததே, அதில் நான் போய் உட்கார்ந்ததுதான் குறை. ஊர் இளவட்டங்கள் எங்களுக்குச் 'சேர் கோஷ்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது என் காதில் விழாமல் இல்லை. போங்கடே, உங்களுக்கும் வயசாகும் என்று மனசுக்குள் வைதுகொண்டு நன்றாகச் சாய்ந்து உட்காருவேன். சாரல் காலத்தில் குற்றாலத்துக் காற்று அந்த ஜன்னல் வழியாக வந்து முகத்தில் அடிக்கும். தொழ வந்தவன் மாதிரியா இருந்தேன்? பஸ்ஸில் ஜன்னல் சீட்டுப் பிடித்தவன் மாதிரி இருந்தேன்.

நான் தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெட்டியும் பையும் விற்கிற கடை வைத்திருந்தவன். சவுதிக்கும் துபாய்க்கும் போகிற பயல்களில் பாதிப் பேர் என் கடைப் பெட்டியைத்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். பெட்டியை இறக்கிக் காட்டவும் தூசி தட்டவும் ஆள் இருந்தது. நான் கல்லாவை விட்டு எழுந்ததே சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும்தான். கடையை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்தபோது அறுபதைத் தாண்டியிருந்தேன். அப்போதுகூட ஐந்து வேளையும் தரையில் குனிந்து, உட்கார்ந்து, எழுந்து தொழுதவன்தான். யோசித்துப் பார்த்தால், நாள் முழுக்க என் உடம்பு அசைந்தது அந்த ஐந்து வேளையில் மட்டும்தான்.

ஒரு சீசனில் கூட்டாளிகளோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனேன். உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு பாறையில் கால் வைத்தேன். பாசி. சறுக்கிவிட்டது. வலது கால் முட்டு வீங்கிக்கொண்டது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றும் இல்லை, கொஞ்ச நாளைக்குத் தரையில் உட்கார வேண்டாம் என்றார். அந்தக் 'கொஞ்ச நாள்' எப்போது முடியும் என்று நான் அவரிடம் திரும்பிப் போய்க் கேட்கவே இல்லை.

வீக்கம் வற்றியது. வலி போனது. ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினேன். கல்யாண வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். பள்ளிக்குள் நுழைந்தால் மட்டும் கால் தானாக ஜன்னலோரம் போயிற்று. சொல்லவே நாக்கு கூசுகிறது, அந்தச் சேரில் ஒரு மரியாதையும் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் ஊரில் பெரிய மனிதர்கள். சலாம் சொல்லுகிறவர்கள் நம் பக்கத்தில் வந்து குனிந்து சொல்லிவிட்டுப் போவார்கள். கல்லாவை விட்டு இறங்கிய பிறகு எனக்குக் கிடைத்த இன்னொரு கல்லா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே அக்கா. உம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. மச்சான் காலமாகி வெகுநாள் ஆயிற்று. பிள்ளைகள் இரண்டு பேர், மூத்தவன் ரியாத்தில், இளையவன் துபாயில். மூத்தவன் ஊருக்கு வந்தபோது ஆசையாக ஒரு வாஷிங் மெஷின் வாங்கிப் போட்டுவிட்டுப் போனான். அக்கா அதன்மேல் மடித்த துணியை அடுக்கி வைத்துக்கொண்டாள். துவைப்பதெல்லாம் பின்பக்கத்துக் கல்லில்தான்.

"அது துவைக்கும். நான் அது வாயப் பாத்துகிட்டு நிக்கவாலே?" என்பாள்.

குத்தவைத்து உட்கார்ந்து பாத்திரம் விளக்குவாள். தரையில் அரிவாள்மனையைப் போட்டு மீன் அறுப்பாள். மார்க்கெட்டுக்கு நடந்து போய் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு, வழியில் நின்று நாலு பேரிடம் வம்பளந்துவிட்டு நடந்தே வருவாள். எழுபதைத் தாண்டியும் தரையில்தான் தொழுதாள். உடம்பைப் பேணுகிறோம் என்கிற நினைப்பெல்லாம் அவளிடம் கிடையாது. சோலி இருந்தது, செய்தாள், அவ்வளவுதான். நானும் ஒன்றும் செய்யாதவன் இல்லை. புதுச் செருப்பு வாங்கி, குற்றாலம் ரோட்டில் கையை வீசி நடக்கிறவர்களோடு கொஞ்ச நாள் நடந்தேன். எங்கள் நடை டீக்கடை வரைக்கும் போகும். அங்கே உளுந்தவடையும் டீயும். திரும்பும்போது யாராவது ஸ்கூட்டரில் ஏற்றிக்கொள்வார்கள்.

அடுத்த சாரலுக்கு என் இரண்டு மகள்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். எல்லாருமாகப் பழைய குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டு, தெரிந்தவர் ஒருவருடைய தோப்பில் பாய் விரித்தோம். அக்கா வீட்டிலிருந்தே நெய்ச்சோறும் கறியும் சட்டியோடு கொண்டு வந்திருந்தாள். அருவியில் குளித்த பசி எப்படிப்பட்டது என்று எங்கள் பக்கத்து ஆட்களைக் கேளுங்கள். ஒரு பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி ஆண்கள் நாலு பேர் சுற்றி உட்கார்ந்தோம். இடது காலை மடக்கிப் போட்டு, வலது முட்டைக் குத்தவைத்து, தாம்பாளத்தின் மேல் கவிழ்ந்துகொண்டேன். அக்காதான் பரிமாறினாள். மறுசோறு வாங்கினேன். அதற்கும் மேலே வாங்கினேன். சாப்பிட்டு முடித்து நானே எழுந்து போய்க் கைகழுவிவிட்டு வந்தேன்.

சாயங்கால அஸர் தொழுகைக்கு நேரமாயிற்று. அதே பாய்களை உதறி மேற்கே பார்த்துப் போட்டார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். மூத்த மருமகன் தொழவைக்க நின்றான். நான் வழக்கம்போல, "ஏ, கார்ல மடக்குச் சேர் ஒண்ணு கெடக்கு, அத எடுத்துட்டு வாங்க" என்றேன்.

பின்னால் நின்ற அக்கா கேட்டாள். "எதுக்குலே சேரு?"

"முட்டுக்கா."

"எந்த முட்டு?"

வலது முட்டைத் தொட்டுக் காட்டினேன்.

"இப்பம் தாம்பாளத்துக்கிட்ட மடங்கிக் கெடந்துச்சே, அந்த முட்டா? ஏ மூதி, சோத்துக்கு மடங்குத முட்டு அல்லாவுக்கு மடங்காதோ?"

முதலில் பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். மகள்கள் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டார்கள். மருமகன் சிரிப்பை அடக்க இருமினான். என் பெண்டாட்டி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள், அவளுக்கு என்னைத் தெரியும். உடம்பெல்லாம் எனக்குக் கூசிப்போயிற்று. அந்த இடத்தில் "ஆமாக்கா" என்று சிரித்துவிட்டுப் பாயில் நின்றிருந்தால் எல்லாம் அத்தோடு போயிருக்கும். எனக்குத்தான் கோபம் மூக்குக்கு மேலே வருமே.

"வலி எனக்குல்லா தெரியும்! சாப்பிடும்போது பொறுத்துகிட்டு இருந்தேன். நீ என்ன டாக்டரா?" என்று தோப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன். சேரை நானே போய் எடுத்து வந்து போட்டு அதில் உட்கார்ந்து தொழுதேன். என்ன ஓதினேன் என்று எனக்கே தெரியாது. காது இரண்டும் சுட்டுக்கொண்டிருந்தன.

இதற்குப் பிறகு நான் செய்த கூத்தை எந்த மடையனும் செய்ய மாட்டான். முட்டு உண்மையிலேயே மடங்காது என்று அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது. சோற்றுக்கு மடங்குகிறது என்றுதானே சொன்னாய், இனிமேல் சோற்றுக்கும் மடங்காது, பார். வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டேன். சாப்பாட்டு மேஜை வாங்கினேன். கழிப்பறையை இடித்து மேல்நாட்டுப் பீங்கானைப் பதித்தேன். கல்யாணப் பந்தியில் பாய் விரித்திருந்தால் ஓரமாக ஒரு சேர் கேட்டு வாங்கித் தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். செருப்பு வாரைக்கூடக் குனிந்து போடுவதில்லை. அக்கா வீட்டுக்குப் போனால் வாசலிலேயே, "ஒரு சேர் போடுக்கா" என்று சத்தமாகச் சொல்லுவேன். அவள் கொண்டுவந்து போடுவாள்.

"அக்கா மேல உள்ள கோவத்த முட்டு மேல காட்டாதீங்க" என்றாள் என் பெண்டாட்டி.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, போ."

எனக்கும்தான் தெரியவில்லை. இரண்டு மூன்று சாரல் போயிற்று. ஒருநாள் தொப்பி கட்டிலுக்கு அடியில் விழுந்துவிட்டது. வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்பதால் வீம்பை விட்டு உட்கார்ந்து எடுத்தேன். எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. முட்டு மரக்கட்டையாக நின்றது. தொடையில் பலம் என்று ஒன்றுமே இல்லை. கையை ஊன்றிப் பார்த்தேன், கவிழ்ந்து பார்த்தேன், புரண்டு பார்த்தேன். கடைசியில் பெண்டாட்டியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. தரையில் தொப்பியும் கையுமாகக் கிடந்தவனைப் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். நான் இத்தனை நாள் சொன்ன பொய் மெய்யாகிவிட்டது என்று இரண்டு பேருக்கும் புரிந்தது.

அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல? முட்டு மடங்காது என்று ஊர் முழுக்க நானே தண்டோராப் போட்டு வைத்திருந்தேனே. இனிமேல்தான் நிஜமாகவே மடங்கவில்லை என்று போய்ச் சொன்னால் காறித் துப்ப மாட்டார்களா?

அதற்கு அடுத்த வருஷம் அக்கா படுத்தாள். ஈரலில் கட்டி என்றார்கள். திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரிந்தது. அவள் அழவில்லை. ஒரு நாள் என் பெண்டாட்டி அடுக்களைப் பக்கம் போயிருந்தபோது என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"என் பிள்ளைய ரெண்டு பேரும் கடலுக்கு அங்கன கெடக்கானுவ. வந்து சேருவானுவளோ மாட்டானுவளோ. என்னையக் குழிக்குள்ள எறக்க உரிமப்பட்டவன் இங்கன நீ ஒருத்தன்தான். வேத்தாளு கையி என் மேல படக் கூடாது. முட்டு மடங்குமாலே?"

எங்களில் பெண் இறந்தால், அவளைப் பெற்றவனோ, கூடப்பிறந்தவனோ, அவள் பெற்ற பிள்ளையோதான் குழிக்குள் இறங்கிக் கையில் வாங்குவது முறை. யாருமே இல்லாவிட்டால் மற்றவர்கள் இறங்கலாம்தான். ஆனால் அக்கா அப்படி நினைக்கவில்லை. உயிரோடு இருந்தவரை பிற ஆண்கள் முன்னால் முக்காட்டை விலக்காதவள். அவளுக்கு அது பெரிய காரியம்.

"மடங்கும்க்கா" என்றேன்.

வேறு என்ன சொல்ல? அந்த நிமிஷம் எனக்கு உண்டான வெட்கம் இருக்கிறதே, தோப்பில் பட்டதெல்லாம் அதற்குக் கால்தூசி. சாகப் போகிறவள் என்னிடம் கேட்பது என் முட்டை. அதை நான் வீம்புக்குத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறேன்.

மறுநாளே தொடங்கினேன். ஸ்கூட்டரை மூடிப்போட்டுவிட்டு மார்க்கெட்டுக்கு நடந்தேன். பெண்டாட்டி சின்ன வெங்காயம் உரிக்கும்போது நானும் தரையில் உட்கார்ந்து உரித்தேன். உட்காருவது என்றால் மெதுவாக உட்காருவது இல்லை, பாதியில் கையை விட்டுத் தொப்பென்று விழுவது. எழுந்திருக்கச் சுவரைப் பிடிப்பேன், அண்டாவைப் பிடிப்பேன், அவள் தோளைப் பிடிப்பேன். முற்றத்தைப் பெருக்கினேன். செடிக்கு வாளியில் தண்ணீர் தூக்கினேன். பின்பக்கக் குழாயடியில் குத்தவைத்துப் பாத்திரம் கழுவப் போய் ஒரு நாள் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன்.

"இம்புட்டு நாள் நான் ஒத்தையில செஞ்ச வேலைய எல்லாம் இப்பம் நீங்க செய்யுதீங்க. அக்காவுக்கு நான் துவா செய்யணும்" என்று பெண்டாட்டி கேலி பேசினாள். பேசிக்கொண்டே என் முட்டுக்கு எண்ணெய் சூடு காட்டித் தேய்த்துவிட்டாள்.

பலன் இல்லாமல் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக உட்கார வந்துவிட்டது. கையை ஊன்றாமலே இறங்கினேன். எழுந்திருப்பதுதான் வரவில்லை. எதையாவது பிடித்தால் எழுந்துவிடுவேன். பிடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் கிடந்த இடத்திலேயே கிடப்பேன். பள்ளியில் தரைக்கு இறங்கித் தொழுதிருந்தால் ஐந்து வேளையும் நல்ல பயிற்சியாக இருந்திருக்கும். அதைச் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. முதல் தடவை நெற்றியை நிலத்தில் வைத்துவிட்டு எழ முடியாமல் தத்தளித்தால், அத்தனை பேரும் பார்ப்பார்களே. ஜன்னலோரச் சேரிலேயே உட்கார்ந்துகொண்டிருந்தேன். வீட்டுக்குள் மறைத்துச் செய்வதெல்லாம் செய்வேன், நாலு பேர் பார்க்கச் செய்ய மாட்டேன். என் புத்தி அப்படி.

அக்கா மெலிந்துகொண்டே போனாள். ஒரு நாள் சாயங்காலம் என்னைப் பார்த்து, "எங்க, உக்காரு பாப்போம்" என்றாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காட்டினேன். நன்றாகத்தான் உட்கார்ந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

"எந்திரி."

ஒரு கையைத் தரையில் ஊன்றினேன். இடுப்பு எழும்பியது, முட்டு எழும்பவில்லை. வேறு வழி இல்லாமல் அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்தேன். நான் எழ எழக் கட்டில் ஆடியது. அதோடு அவளும் ஆடினாள். எலும்பும் தோலுமாகக் கிடந்தவளுக்கு அந்த ஆட்டம் எப்படி வலித்ததோ, ஒரு சத்தம் போடவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள்.

"பாத்தியாக்கா? இப்பம் நல்லா எந்திரிக்கேன்" என்றேன்.

"ஆமாலே. நல்லா எந்திரிக்க" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை அவள் மூச்சு நின்றது. மூத்தவனுக்கு லீவு கிடைக்கவில்லை. இளையவன் கிடைத்த விமானத்தில் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து கார் பிடித்து ஆரியங்காவு, செங்கோட்டை வழியாக அஸருக்கு முன்னால் வந்து சேர்ந்தான். வந்தவன் உம்மா முகத்தைப் பார்த்து அழுதான். அழுது முடித்ததும் நேரே என்னிடம் வந்து, "மாமா, நீங்க எறங்குதீங்கள்ளா?" என்று கேட்டான். எறங்குதேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு என் பக்கத்திலேயே நின்றுகொண்டான். அன்றைக்கு முழுதும் என் பக்கத்தை விட்டு அவன் நகரவே இல்லை. உம்மாவை இழந்த பையன் தாய்மாமனை ஒட்டிக்கொண்டு நிற்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இறந்தவருக்காகத் தொழுகிற தொழுகையில் குனிவதும் கிடையாது, நெற்றியை நிலத்தில் வைப்பதும் கிடையாது. எல்லாரும் நின்றபடியே தொழுவதுதான். வெகுகாலத்துக்குப் பிறகு நான் முதல் வரிசையில் மற்றவர்களோடு தோளை ஒட்டி நின்றேன். எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அக்கா முன்னால் கிடக்கிறாள், எனக்கு வரிசையில் நிற்கிற சந்தோஷம். சீ என்று இருந்தது.

மையவாடியில் சாரல் தூறிக்கொண்டிருந்தது. குழிக்குப் பக்கத்தில் போனதும் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து, "முட்டு வலிக்காரரு, நீங்க எதுக்குச் செரமப்படணும்? வேற ஆளு எறங்கட்டும்" என்றார். சேர் கோஷ்டியில் எனக்குப் பக்கத்துச் சேர்க்காரர்தான். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்.

"என் அக்கா! நான் எறங்காம எவன் எறங்குவான்?" என்று அவர் கையை உதறினேன்.

இரண்டு பேர் கையைப் பிடித்து என்னை இறக்கிவிட்டார்கள். தலைமாட்டில் மருமகன், அதாவது அக்காவின் இளையவன், நின்றான், நடுவில் நான், கால்மாட்டில் மண் எடுத்துத் தர மட்டும் எங்கள் சொந்தக்காரர் ஒருவர். மேலிருந்து அக்காவைத் தந்தார்கள். கையில் கனமே இல்லை. என்னைத் தூக்கிச் சுமந்த உடம்பு இவ்வளவுதானா என்று இருந்தது. நானும் மருமகனுமாகக் குனிந்து, பிறகு குத்தவைத்து, அவளைத் தரையில் படுக்க வைத்தோம். கபன் துணியின் முடிச்சுகளை அவிழ்த்து, முகத்தை மேற்கே திருப்பி வைத்து, முதுகுக்குப் பின்னால் மண் அணைகொடுத்தோம். நான் கடைசியாக அவள் தோளை ஒரு தடவை தொட்டேன். வேற்றாள் கை படாமல் இறக்கிவிட்டோம். அவள் கேட்டதைச் செய்துவிட்டேன்.

கால்மாட்டில் நின்றவர் எழுந்து மேலே போய்விட்டார். மேலே குழியை மூடப் பலகைகளோடு ஆட்கள் தயாராக நின்றார்கள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

வரவில்லை. பக்கத்து மண்ணைப் பிடித்தேன், ஈரமண், பிடித்த இடம் உதிர்ந்து அக்காவின் வெள்ளைத் துணிமேல் விழுந்தது. பதறிக் கையை எடுத்துவிட்டேன். அவள் பக்கம் கையை ஊன்ற முடியாது. பின்னால் சாயவும் இடம் கிடையாது. மறுபடியும் முயன்றேன். தொடை வெடவெட என்று நடுங்கியது. மேலே வட்டமாக அத்தனை முகங்கள். எந்த முகங்களுக்குப் பயந்து இத்தனை வருஷம் தரைக்கு இறங்காமல் இருந்தேனோ, அத்தனையும் குனிந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. "மாமாவ மொதல்ல மேல ஏத்துங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். "பலகைய வைக்காண்டாம், பைய, பைய" என்று இன்னொரு குரல். என்னை எடுக்கும்வரை என் அக்காவை மூட முடியவில்லை. தூறலில் திறந்தபடி கிடந்து அவள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்பார்களே, நான் ஏற்கனவே பூமிக்குள்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது மருமகன் எனக்குப் பின்னால் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு கையையும் என் கக்கத்துக்குள் கொடுத்து ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினான். மேலிருந்தவர்கள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். மேலே வந்து நின்றேன். எல்லாரும் குனிந்து மண் அள்ளிப் போட்டார்கள். என்னைக் குனிய விடாமல் யாரோ என் கையில் மண்ணை அள்ளி வைத்தார்கள். அதைப் போட்டேன்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு அக்கா வீட்டில் கூட்டம் கலைந்தது. நானும் மருமகனும் மட்டும் முன்னறையில் இருந்தோம். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மாப்ள, உம்மாவ அடக்குத நேரத்துல என்னால ஒனக்குக் கஷ்டமாப் போச்சு. அத்தன பேரு முன்னால..." என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா. நான் வந்ததே அதுக்குத்தான்" என்றான். சொன்ன பிறகுதான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. எழுந்து உள்ளே போகப் பார்த்தான்.

"எதுக்கு வந்த? நில்லு. உம்மா என்ன சொன்னா?"

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் விடவில்லை.

"போன மாசம் நான் வரட்டுமான்னு போன்ல கேட்டேன் மாமா. 'என்னையப் பாக்க வராண்டாம்'னு சொல்லிட்டா. ஆனா, 'நான் மவுத்தாயி அடக்குத அன்னைக்கு எப்படியாவது வந்துரு'ன்னா. 'ஒங்க மாமன் குழிக்குள்ள எறங்கிருவான். அவனுக்கு ஏறத் தெரியாது. பிடிக்கதுக்கு அங்கன ஒண்ணும் இருக்காது. பேசிகிட்டு நிக்காம ரெண்டு கையையும் கக்கத்துல குடுத்துச் சட்டுன்னு தூக்கிரு. நேரமாச்சுன்னா, எம் தம்பி ரொம்ப வெக்கப்படுவான்' அப்படின்னா."